பௌதிகவியலை வைத்திருப்பதா, விடுவதா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்திய உரை)



செயலாளர் அக்கா எனக்குத் தந்த தலைப்பு "மருத்துவத் துறையில் பெண்கள்". நல்ல தலைப்புத்தான். ஆனால் விடுமுறைக்கு அமிர்தகழிக்கு அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியில் ஒரு தாய் நிறுத்திக் கேட்பார்: "டொக்டர், எங்கட புள்ளைக்கு பிசிக்ஸ் ஏறுதில்ல. அக்றிக்கு மாத்துவமா?" லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் என் வகுப்புத் தோழிகளும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே செயலாளர் அக்காவிடம் அனுமதி பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

முதலில் விசயம் என்ன என்று தெளிவாக்கிவிடுகிறேன், பெற்றோர் பலருக்கு இது சரியாகத் தெரியாது. உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் எல்லோருக்கும் பொது. மூன்றாவதாகப் பௌதிகவியல் எடுக்கலாம், அல்லது விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் இந்த மூன்றுக்கும் பௌதிகவியல் கட்டாயம். விவசாய விஞ்ஞானத்தோடு அந்த வாசல்கள் மூடிவிடும். வேறு வாசல்கள் திறந்தே இருக்கும். நமது வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோராண்டும் கைநூலாக வெளியிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பாமல் அந்தக் கைநூலை எடுத்து மகளோடு சேர்ந்து இருந்து வாசியுங்கள். ஒரு பின்னேரம் போதும்.

என் அக்கா உயர்தரம் எழுதியபோது நான்கு பாடங்கள்: தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். 2000ஆம் ஆண்டிலிருந்து அது மூன்றாகக் குறைந்தது. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலாகின. சுமை குறைந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் நான்கில் ஒன்றாக இருந்த பௌதிகவியல் மூன்றில் ஒன்றாகிவிட்டதை அப்போது யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. முன்பு பௌதிகத்தில் சறுக்கினாலும் தாவரவியலில் தூக்கி எடுக்கலாம். இப்போது அந்த இடம் சுருங்கிவிட்டது.

அடுத்தது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதி இதை வைத்தே நடக்கிறது. நான் எழுதியது அந்த ஆண்டுதான், எங்களில் ஒருவருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. பின்னாளில் 2011ஆம் ஆண்டுப் பரீட்சையின் இசட் புள்ளிக் கணிப்பு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் அடிப்படை எளிது. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழிக்கிறார்கள். வருவதை நியம விலகலால் பிரிக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்து, கூட்டி, மூன்றால் பிரிக்கிறார்கள்.

கணக்குக்காக ஒரு கற்பனை எண் வைத்துக்கொள்வோம். பௌதிகவியலில் சராசரி 35, நியம விலகல் 15. ஒரு பிள்ளை 50 எடுத்தால் அவளுடைய இசட் புள்ளி 1. விவசாய விஞ்ஞானத்தில் சராசரி 50, நியம விலகல் அதே 15 என்றால், அதே 1ஐப் பெற அவள் 65 எடுக்க வேண்டும். அதாவது றிப்போட்டில் 50ஐயும் 65ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து "அக்றிதான் நல்லா வருது" என்று தீர்மானிப்பது பிழை. கடினமான பாடத்தில் எல்லோரும் குறையத்தான் எடுக்கிறார்கள். உங்கள் 50 எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கும் கணிதப் பிரிவுப் பிள்ளைக்கும் பௌதிகவியல் வினாத்தாள் ஒன்றுதான். இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளை இயக்கவியலை அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை என்று இரண்டு தரம் படிக்கிறது. நமது பிள்ளை சாதாரண தரத்தோடு கணிதப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து அதே பந்தயத்தில் ஓடுகிறது. முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. இது நியாயமா என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில் முழு நியாயம் இல்லை. ஆனால் வினாத்தாள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது. எனவே கொழும்புப் பிள்ளையின் புள்ளியைப் பார்த்துப் பயந்து பாடத்தை விடாதீர்கள். ஆனால் மூன்று பாடத்திலும் சித்தி வேண்டும். ஒன்றில் எஃப் என்றால் மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை.

இப்போது என் தொழிலின் பழக்கத்துக்கு வருகிறேன். காய்ச்சல் என்று வருகிறவரிடம் நாங்கள் "காய்ச்சல்" என்று எழுதி அனுப்பிவிடுவதில்லை. டெங்கா, சிறுநீர்த் தொற்றா, வேறேதுமா என்று தேடுகிறோம். 12ஆம் தரம் இரண்டாம் தவணையில் எனக்குப் பௌதிகவியலில் 19 புள்ளிகள். அந்த 19ம் காய்ச்சல் மாதிரித்தான். அப்பா கச்சேரியில் எழுதுவினைஞர். றிப்போட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, "யோசிப்பம் புள்ள" என்றார், அவ்வளவுதான். அது யுத்த காலம். எங்கள் வகுப்புக்கு ஏழு மாதமாகப் பௌதிக ஆசிரியர் இல்லை. இருந்த ஒருவர் இடம்மாறிப் போனார், வர வேண்டியவர் வரவில்லை. யாரைக் குறை சொல்வது? ஒரு மண்டபத்தில் இருநூறு பேரோடு ரியூசன். பின்வரிசைக்குக் கரும்பலகை தெரியாது.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அமிர்தகழியில் "மாஸ்ரர்" என்றால் அவர்தான். அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். அவர் பௌதிகப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு வரைபுத்தாளைத் தந்து ஒரு நேர்கோட்டின் படித்திறனைக் காணச் சொன்னார். பிறகு மடக்கை அட்டவணையைத் தந்து இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னார். பிறகு ஒரு சாய்தளத்தில் விசையைப் பிரிக்கச் சொன்னார், சைன் எங்கே கோசைன் எங்கே என்று நான் தடுமாறினேன். அரை மணித்தியாலத்தில் முடிவைச் சொன்னார்: "பௌதிகம் வராத புள்ள இல்ல இது. மடக்கையும் திரிகோணகணிதமும்தான் இல்ல."

ஆறு கிழமை. பௌதிகம் இல்லை, வெறும் கணக்கு. விளக்கு வெளிச்சத்தில் மடக்கை பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் அலகு ஒன்றைத் திறந்தார். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தவணையில் 38. இறுதியில், இரண்டாம் தடவையில், பௌதிகவியலில் எனக்குக் கிடைத்தது ஒரு சீ. மாவட்ட அடிப்படையில்தான் மருத்துவ பீடம் போனேன். இதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாஸ்ரர் செய்ததை நான் இப்போது இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். பிள்ளை இடறுவது கணக்கிலா? ஆசிரியர் இல்லாததாலா? சொல்லிலா? சில பிள்ளைகள் "ஆர்முடுகல்" என்றால் என்னவென்று பாடமாக்கி ஒப்புவிக்கும், ஆனால் பஸ் பிறேக் போடும்போது தாம் ஏன் முன்னுக்குச் சாய்கிறோம் என்று கேட்டால் விழிக்கும். ஆய்வுகூடத்தில் கைவைக்காததாலா? திருகுக் கணிச்சியைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு அதன் பூச்சிய வழு எப்படி விளங்கும்? இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. இவை எதுவும் இல்லாமல், நல்ல ஆசிரியரும் கணக்கும் செய்முறையும் இருந்தும், பிள்ளைக்கு அந்தப் பாடத்தைத் தொடவே மனம் வரவில்லை என்றால், அதற்கு மருந்து இல்லை. மருந்து தேவையும் இல்லை.

என் பக்கத்து மேசையில் இருந்த தோழி அப்படித்தான். கணக்கு என்னைவிட நன்றாக வரும். ஆனால் மனம் முழுக்கச் செடியிலும் மண்ணிலும். 12ஆம் தரத்திலேயே, யாரும் சொல்லாமல், தானே அதிபரிடம் போய்ப் பாடத்தை மாற்றிக்கொண்டாள். அழவில்லை. வீட்டில் ஒரு கிழமை அம்மா பேசவில்லையாம். இன்று படுவான்கரையில் விவசாயிகளோடு வேலை செய்கிறாள். வயலில் எரிபந்தம் என்றால் அவளுக்குத்தான் முதல் தொலைபேசி அழைப்பு போகும். நான் வேலைக்குப் போகும்போது இருக்கிற முகத்தைவிட அவள் போகும்போது இருக்கிற முகம் நல்லாயிருக்கும் என்று என் கணவர் சொல்வார்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள், இந்த மலர் அவள் கைக்கும் போகும். உயிரியலிலும் இரசாயனவியலிலும் எங்கள் எல்லோருக்கும் மேலே. பௌதிகம் முதல் தவணையிலிருந்தே வேண்டாம் என்றாள். வீட்டில் "டொக்டர்" என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. முதலாம் தடவை எஃப். இரண்டாம் தடவை எஃப். மூன்றாம் தடவையும் எஃப். அதற்கு மேல் தடவையும் இல்லை. மற்ற இரண்டு பாடத்திலும் ஒவ்வொரு முறையும் நல்ல பெறுபேறு, ஆனால் மூன்றாவது இல்லாமல் எந்தப் பீடத்துக்கும் போக முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் வீட்டுக்குள் இருந்தாள். சொந்தக்காரர் வந்தால் அறைக்குள் போய்விடுவாள். போன வருடம் தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசியபோது அவள் சொன்னது ஒரு வசனம்தான்: "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

பெற்றோருக்கு நான் சொல்ல வந்ததில் பாதி அந்த வசனத்திலேயே இருக்கிறது. மகளிடம் கேளுங்கள். அதுவும் றிப்போட் வந்த கிழமையில் கேட்காதீர்கள்.

ஏன் அந்தப் பாடத்தில் இவ்வளவு பிடிவாதம், வைத்தியருக்குப் பௌதிகம் எதற்கு என்று ஒரு தங்கை வாசலில் வைத்துக் கேட்டாள். நான் மயக்க மருந்து வைத்திய நிபுணர். எங்கள் துறையில் விசேட பயிற்சிக்குப் போகிறவர்கள் எழுதும் முதற்பகுதிப் பரீட்சையில் பௌதிகம் திரும்ப வருகிறது. 19 புள்ளி எடுத்தவளைத் தேடி அது சத்திரசிகிச்சைக் கூடம் வரை வந்தது!

உங்கள் பாடத்தில் புவாசேயின் சமன்பாடு இருக்கிறது. குழாயின் ஆரை பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகும். பிள்ளைபெற்ற தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால், கையில் ஏற்றும் ஊசிக்குழாயில் நான் மெல்லிய நீலத்தை எடுக்க மாட்டேன், தடித்த சாம்பல் அல்லது செம்மஞ்சள் நிறத்தைத்தான் தேடுவேன். அதற்குக் காரணம் அந்தச் சமன்பாடு. சிறு குழந்தையின் சுவாசக் குழாய் ஒரு மில்லிமீற்றர் வீங்கினாலும் நாங்கள் ஏன் ஓடுகிறோம் என்பதற்கும் அதுதான் காரணம். அந்தப் புவாசே ஒரு பிரெஞ்சு வைத்தியர். இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியப் போய்த்தான் அவர் அந்த விதியைக் கண்டார். யங்கின் மட்டு என்று உங்களை வருத்துகிற யங் ஒரு வைத்தியர். ஹெல்ம்ஹோல்ற்ஸும் வைத்தியர். கண்ணுக்குள் பார்க்கும் கருவியை 1851இல் உலகுக்குத் தந்தவர் அவர்.

இன்னொன்று, நமது வாவியிலேயே இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவில் பாடும் மீன் கேட்கத் தோணியில் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? துடுப்பைத் தண்ணீரில் வைத்து அதன் பிடியைக் காதில் வைப்பார்கள். ஏன்? தண்ணீரில் இருந்து வளிக்கு வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் மேலே வரும், மிச்சம் எல்லைப்பரப்பில் தெறித்துத் திரும்பிவிடும். துடுப்பு அந்த எல்லையைக் கடத்திவிடுகிறது. கர்ப்பிணித் தாய்க்கு ஸ்கான் எடுக்கும்போது வயிற்றில் குளிரக் குளிர ஜெல் பூசுகிறோமே, அதன் வேலையும் அதுதான். கருவிக்கும் தோலுக்கும் நடுவில் வளி இருந்தால் படம் வராது. காரைதீவில் பிறந்து மட்டக்களப்பில் படித்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் இருந்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கு இருக்கிறது. பௌதிகம் எங்கோ வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளுக்கு ஒரு விசயம். இங்கிலாந்தில் மருத்துவத்துக்குப் பௌதிகம் பொதுவாகக் கட்டாயமில்லை. ஆகவே உங்கள் மகள் அதை விடுவதும் இங்கே ஒரு பிள்ளை விடுவதும் ஒன்றல்ல. அவுஸ்திரேலியாவில் விக்ரோறியா மாநிலத்தில் கடினமான கணிதப் பாடத்துக்குப் புள்ளியை மேலே உயர்த்திச் சமப்படுத்துகிறார்கள். இசட் புள்ளியைப் போல, அங்கேயும் வெறும் புள்ளியைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆனால் ஒரு தகவல் நம் எல்லோருக்கும் பொருந்தும். பிரித்தானியப் பௌதிகவியல் நிறுவகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், 2011இல் அரசாங்கக் கலவன் பாடசாலைகளில் 49 வீதமானவற்றிலிருந்து ஒரு பெண்பிள்ளைகூட உயர்தரப் பௌதிகத்துக்குப் போகவில்லை என்று இருந்தது. பெண்கள் பாடசாலைகளில் இருந்து வந்தவர்கள் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மூளை ஒரே மூளைதான். "இது உனக்கு வராது" என்று பார்க்கிற கண்கள் அந்த அறையில் குறைவு. நம்முடையது பெண்கள் பாடசாலை. அந்த வசதியை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று ஆசிரியர்களையே கேட்கிறேன்.

ஆக, தங்கைமாரே, நடைமுறையில் என்ன செய்வது? முடிவை 12ஆம் தரம் இரண்டாம் தவணை முடிவதற்குள் எடுங்கள். 13ஆம் தரத்தில் மாறினால் விவசாய விஞ்ஞானத்திலும் பாதிப் பாடம் போய்விடும், அந்தப் பாடமும் ஒன்றும் லேசில்லை. முடிவெடுக்க முன் ஒரு பழைய பல்தேர்வு வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யுங்கள். எட்டுக் கிழமை கணக்கும் செய்முறையும் ஒழுங்காகப் படியுங்கள். பிறகு இன்னொரு வினாத்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அசைவு இருக்கிறதா என்று பாருங்கள், எவ்வளவு பெரிய அசைவு என்பது இப்போது முக்கியமில்லை. அசைவு இருந்தால் வைத்திருங்கள். இல்லாவிட்டால், பாடத்தின் பக்கமே மனம் போகாவிட்டால், விடுங்கள். விட்டால் முழுக்க விடுங்கள். ரியூசனுக்கு மட்டும் போய்ப்பார்ப்பம் என்று ஒரு காலை உள்ளே வைத்திருக்காதீர்கள். தோழி மாறுகிறாள் என்று மாறாதீர்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது, ஒவ்வொரு வருடமும் மூன்று பேர், நான்கு பேர் அப்படிச் சேர்ந்து போகிறார்கள்.

சங்கத்தில் இருக்கும் அக்காமாருக்கு என் வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவதா என்று பேச்சு அடிபடுகிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியர் இடமாற்றம் வந்து வகுப்பு வெறுமையாகும் மாதங்களில் ஒரு பகுதிநேரப் பௌதிக ஆசிரியருக்குக் கொடுப்பனவு வழங்க ஒரு நிரந்தர நிதி வேண்டும். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு ஒன்றும் வேண்டும், 12ஆம் தரத்தின் முதல் தவணையிலேயே. எனக்கு ஒரு மாஸ்ரர் கிடைத்தார். எல்லா ஊரிலும் ஒரு மாஸ்ரர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

அந்தக் கணித வகுப்பின் முதல் நான்கு வகுப்புகளை நான் எடுக்கிறேன் என்று அதிபர் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் விடுமுறையில் நிற்பேன். சனிக்கிழமை காலை எட்டரைக்கு, பௌதிக ஆய்வுகூடத்தில். பாடத்தை விட நினைக்கிறவர்களும் வாருங்கள், உங்களைத்தான் முக்கியமாக எதிர்பார்க்கிறேன். மடக்கை அட்டவணை, வரைபுத்தாள், பென்சில் கொண்டு வாருங்கள். கணிப்பான் வேண்டாம்.